கொக்கி இல்லாத பெட்டி

தி.நகர் ராமன் தெரு வழியாக நம்மில் பலர் போயிருப்போம். டாக்டர் சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம், தரமணி வி.எச்.எஸ். வளாகத்துக்குப் போகுமுன் அந்தத் தெருவில்தான் இருந்தது. எய்ட்ஸ் நோயாளி என்றால் பக்கத்தில் உட்காரவே ஜனங்கள் பயந்த காலம் அது.

இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டதை 1986-இல் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் அவரும், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். அடுத்த வருஷமே, 1987 மார்ச்சில், அமெரிக்காவில் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பெயர் ஏ.இஸட்.டி. வேடிக்கை என்னவென்றால், 1964-இல் ஜெரோம் ஹார்விட்ஸ் அதை உருவாக்கியது புற்றுநோய்க்காக! அது பலிக்காமல் போய், ஓரத்தில் கிடந்த சரக்கு.

அது எப்படி வேலை செய்கிறது? நான் இன்ஜினீயர், ரயில் பாஷையில் சொல்கிறேனே. டி.என்.ஏ. என்பது நான்கு வகைப் பெட்டிகளைக் கோத்த ரயில். அதில் ஒரு பெட்டிக்கு மூலப்பொருள் தைமிடின். ஏ.இஸட்.டி. பார்ப்பதற்கு அதே மாதிரிதான். ஆனால் அடுத்த பெட்டியை மாட்டும் கொக்கி இருக்கவேண்டிய இடத்தில் மூன்று நைட்ரஜன் அணுக்கள். வைரஸின் என்ஸைம் ஏமாந்து அதைக் கோத்துவிடும். அதோடு ரயில் நின்றது!

வைரஸும் லேசுப்பட்டதல்ல, ஒற்றை மருந்துக்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததும்தான் வழி பிறந்தது. அவற்றில் இரண்டு இப்படிப்பட்ட போலிப் பெட்டிகள். விலை? மேல்நாட்டில் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். மருந்து இருந்தும் நம்மூர் நோயாளிக்கு இல்லை.

இங்கேதான் நம் 1970-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டம் கைகொடுத்தது. அது மருந்துக்கு அல்ல, செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. ஹைதராபாத் ஐ.ஐ.சி.டி.யில் ஏ.வி. ராமாராவ் குழு ஏ.இஸட்.டி.க்கு வேறு செய்முறை கண்டது, சிப்லா தயாரித்தது. 2001 பிப்ரவரியில் அதே சிப்லா, மூன்று மருந்துகளையும் வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகவே வழங்கத் தொடங்கியது. ஆரம்ப மையங்களில் நம் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும் ஒன்று.

1987 எங்கே, 2004 எங்கே! அந்தப் பதினேழு வருஷத்தில் போனவர்கள் திரும்பப் போவதில்லை. 2005-இல் அந்தச் சட்டமும் மாறிவிட்டது. இப்போது மருந்துக்கே காப்புரிமை உண்டு.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதை ஏழைக்கு எட்டும் விலையில் செய்து காட்டுவது மீதிப் பாதி. அந்தப் பாதி நம்மைப் போன்றவர்கள் கையில் இருக்கிறது.