கற்பனை வாத்தலகு டைனோசர்கள்

ஹாட்ரோசார் எனப்படும் வாத்தலகு டைனோசர்களைப் பற்றி ஆய்வாளர்கள் ஒருகாலத்தில் நம்பிப் பின்னர் கைவிட்ட தோற்றங்களை மூலமாகக் கொண்டு ஓவியர்களும் கதாசிரியர்களும் புதிதாகப் படைக்கும் விலங்குகள் இத்தலைப்பில் அடங்கும். கங்காரு போல நிமிர்ந்து வாலைத் தரையில் ஊன்றி நிற்பது, விரலிடைச் சவ்வு, நீருக்கு மேலே மூச்சுக்குழலாக நீளும் கொண்டை ஆகியவை இவற்றின் வழக்கமான அடையாளங்கள். இவற்றைப் பிழையான படங்களோடு சேர்த்து ஒதுக்குவது பொருந்தாது. பழைய பிழைகள் பெரும்பாலும் எலும்பு கிடைக்காத இடத்தை நிரப்ப எழுந்த ஊகங்கள். ஓர் ஊகத்தை மெய்யென எடுத்துக்கொண்டால் உடலின் ஏனைய பாகங்கள் அதற்கேற்ப எப்படி மாற வேண்டியிருக்கும் என்று கணக்கிடுவதே இந்தக் கலையின் சாரம். கணக்கு சரியாக வந்த விலங்கு நிற்கும். வராதது வெறும் அலங்காரம்.

இந்த வகைப் படைப்புக்கு முதல் எடுத்துக்காட்டு அறிவியலுக்குள்ளேயே இருக்கிறது. 1856இல் ஜோசப் லெய்டி, இன்றைய மொன்டானாவில் ஜூடித் ஆற்றுப் பகுதியில் கிடைத்த சில பற்களுக்கு டிராக்கோடான் என்று பெயரிட்டார். 1858இல் நியூ ஜெர்சியின் ஹாடன்ஃபீல்டில், உரத்துக்காகச் சுண்ணக்களிமண் தோண்டிய குழியிலிருந்து வில்லியம் பார்க்கர் ஃபோல்க் ஒரு பெரிய எலும்புக்கூட்டின் பகுதிகளை வெளிக்கொணர்ந்தார். லெய்டி அதை ஹாட்ரோசாரஸ் ஃபோல்கி என அழைத்தார். முன்கால்கள் பின்கால்களைவிட மிகச் சிறியவை என்பதைக் கண்டு, பின்கால்களிலும் வாலிலும் தாங்கி நின்று இலை மேய்ந்திருக்கும் என்று ஊகித்தார். அதுவரை டைனோசர்களைக் காண்டாமிருகம் போன்ற நாற்கால் பருமன்களாகவே எண்ணி வந்தவர்களுக்கு இது பெரிய தாவல். ஆனால் மண்டையோடு கிடைக்கவில்லை. 1868இல் ஃபிலடெல்ஃபியாவின் இயற்கை அறிவியல் கழகத்தில் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் அந்த எலும்புக்கூட்டை நிறுத்தினார். டைனோசர் ஒன்று எலும்புக்கூடாக நிமிர்த்திக் காட்சிக்கு வைக்கப்பட்டது உலகில் அதுவே முதல்முறை. தலைக்கு அவர் உடும்பு இனத்தைப் போன்ற இகுவானாவைப் பார்த்துச் சாந்தில் ஒன்றைச் செய்து பொருத்தினார். அலகே இல்லாத அந்த வாத்தலகு டைனோசரின் படிகள் பிரின்ஸ்டன், வாஷிங்டன், எடின்பரோ வரை போய்ச் சேர்ந்தன. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்காக அவர் செய்துவந்த உருவங்களோ 1871இல் நொறுக்கப்பட்டு மறைந்தன. கற்பனை ஹாட்ரோசார்களின் வம்சாவளியை எழுதுபவர் அந்தச் சாந்துத் தலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அலகு கிடைத்ததும் வாத்து வந்தது. வாத்து வந்ததும் நீர் வந்தது. 1882இல் டகோட்டாவில் எடுக்கப்பட்ட முழு மண்டையோட்டை அடுத்த ஆண்டு விவரித்த எட்வர்ட் டிரிங்கர் கோப், பற்கள் வலுவற்றவை, ஆகவே இது மென்மையான நீர்ச்செடிகளைத் தின்றது என முடிவு கட்டினார். நூற்றுக்கணக்கான பற்கள் அடுக்கடுக்காக இறுகி அரைக்கும் அமைப்பு இந்த விலங்குகளுடையது. அதைப் பார்த்தே இப்படிச் சொல்ல முடிந்தது என்பது வியப்பு. 1908இல் வயோமிங்கில் ஸ்டெர்ன்பெர்க் குடும்பத்தினர் தோல் பதிவுடன் எடுத்த ‘மம்மி’யின் கையைச் சுற்றிப் படர்ந்திருந்த தோலை, 1912இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் நீந்துசவ்வு என்று படித்தார். நடக்கும்போது எடையைத் தாங்கிய சதைத் திண்டு காய்ந்து தட்டையானதே அது. ஃபிராங்க்ஃபர்ட்டின் செங்கன்பெர்க் அருங்காட்சியக மம்மியின் வயிற்றில் ஊசியிலை, குச்சி, விதை ஆகியவை இருந்ததாக 1922இலேயே ரிச்சர்ட் கிராய்சல் எழுதியும் நீர்வாழ்க்கை நம்பிக்கை அசையவில்லை. 1964இல் ஜான் ஆஸ்ட்ரம் சான்றுகளை ஒருசேர வைத்துக் காட்டிய பிறகே விலங்கு கரையேறியது. பெல்ஜிய எல்லையருகே கிடைத்த துண்டுகளை 1888இல் வாத்தலகு டைனோசரின் தாடையென்று கருதி ஆக்கெனோசாரஸ் எனப் பெயரிட்டார் ஷெரார் ஸ்மெட்ஸ் என்ற பாதிரியார். அவை கல்லான மரம். இதைவிடத் தூய கற்பனை ஹாட்ரோசார் வேறில்லை.

படைப்பாளிக்கு மிகுதியாகத் தீனி போடுவது கொண்டை. 1922இல் வில்லியம் பார்க்ஸ் விவரித்த பாரசாரோலோஃபஸின் கொண்டை பின்னோக்கிச் சுமார் 1 மீட்டர் நீளும் உட்குழல். அதை மூச்சுக்குழல் என்றார் ஆல்ஃப்ரெட் ரோமர். தும்பிக்கைக்கான பிடிமானம் என்றார் மார்ட்டின் வில்ஃபார்த். இரண்டையும் உயிரோடு எழுப்பிப் பார்க்கலாம். மூச்சுக்குழல் விலங்குக்கு, உண்மையில் மூடியிருந்த நுனியைத் திறந்து, நீர் புகாமல் அடைக்கும் தசை வைக்க வேண்டும். ஆழ நீரில் நடக்கவைத்தால் மார்பின்மேல் நீரழுத்தம் ஏறி நுரையீரல் விரியாது. மனிதரால் 1 மீட்டர் ஆழத்துக்குக் கீழிருந்து குழல்வழி மூச்சிழுப்பதே கடினம். ஆகவே ஏரியின் அடித்தரையில் நடக்கும் பழைய ஓவியம் உதவாது. உடல் மேற்பரப்பில் மிதக்க, கழுத்து மட்டும் வளைந்து தலையை அமிழ்த்தினால் அழுத்தச் சிக்கல் தீர்கிறது. தலை தாழும்போது பின்சாய்ந்த கொண்டை தானாகவே நீருக்கு மேலே எழும். மிதக்கும் உடலைத் தள்ளுவதற்கு வால் பயன்படாது. அதன் முதுகெலும்புகளை எலும்பாக இறுகிய தசைநாண்கள் கட்டி வைத்துள்ளன. பின்கால்கள்தாம் துடுப்பாக வேண்டும், சவ்வும் அங்கேதான் வேண்டும். ஓர் ஊகத்தை மட்டும் மெய்யாக்கப் புறப்பட்டவர் இப்படித்தான் கோப்பின் வாத்திடமே போய்ச் சேர்கிறார். தும்பிக்கை விலங்கின் கணக்கு வேறு மாதிரி முடியும். செடியைப் பறிப்பது தும்பிக்கையின் வேலையானால் அகன்ற அலகுக்கு வேலையில்லை. சில தலைமுறைகளில் அது சுருங்கும். கடைசியில் கையிலிருப்பது வாத்தலகு டைனோசராகவே இராது.

பொய்யான தோற்றத்தை மீண்டும் பரப்புவது வாசகரைக் குழப்பாதா என்பது முதல் ஆட்சேபம். நியாயமான அச்சம், ஆனால் குழப்பம் பிறப்பது பழைய உருவத்துக்கு உண்மையான பெயரைச் சூட்டும்போது. எட்மான்டோசாரஸ் என்று எழுதிவிட்டு வாலிழுக்கும் தவளைக்கையனை வரைவது பிழை. புதிய பெயரும் புதிய நிலமும் கொடுத்தால் வாசகர் ஏமாறுவதற்கு எதுவுமில்லை. கற்பனைதான் என்றால் பழைய தவறுகளைக் கட்டிக்கொண்டு அழுவானேன், விருப்பம்போல வரையலாமே என்பது இரண்டாவது. விருப்பம்போல வரைந்த விலங்குகள் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன: கூடுதல் கொம்பு, கூடுதல் முள். பழைய ஊகமோ எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவருடையது. அதற்குள் ஏற்கெனவே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. நிமிர்ந்த நிலைக்குக்கூட இது பொருந்தும். 1970இல் பீட்டர் கால்டன் உடலும் வாலும் கிடைமட்டமாக இருந்திருக்க வேண்டுமெனக் காட்டினார். நிமிர்த்த விரும்புபவர் இறுகிய வால் தசைநாண்களைத் தளர்த்தியாக வேண்டும். தளர்த்தினால் நடையின் சமநிலை போய்விடும். அப்போது அந்த விலங்கு மெதுவாக நகரும், கொன்றுண்ணிகள் குறைந்த தீவில்தான் பிழைக்கும்.

நூல் வடிவில் வந்தவை மிகச் சில. டூகல் டிக்ஸன் 1988இல் வெளியிட்ட நூலில் ஹாட்ரோசார்களின் வழித்தோன்றல்களாகப் புல்வெளியில் ஓடும் ஸ்பிரின்டோசார்கள் வருகின்றன. பழைய நீர்வாழ் உருவத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போனவை இவை. 2005இல் கிங் காங் திரைப்படத்தை ஒட்டி வந்த மண்டையோட்டுத் தீவின் இயற்கை வரலாற்று நூலில் லிகோகிரிஸ்டஸ் என்ற வாத்தலகு டைனோசர் உண்டு. இன்றைய ஆய்வில், அலகின் கொம்புறை கீழ்நோக்கி வளைந்து மண்வெட்டி போலத் தொங்கியதாகத் தெரிகிறது. எனவே ‘வாத்து’ என்ற பெயரும் பழைய ஊகங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2013இல் ஆல்பர்ட்டாவிலிருந்து விவரிக்கப்பட்ட எட்மான்டோசாரஸ் ஒன்றின் தலையில், எலும்பே இல்லாத சதைக்கொண்டை சேவலின் பூப்போலப் பதிந்திருந்தது.