வடக்குக் கரை – 19: எந்த டீம்?

1977 ஆகஸ்ட் 28. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரம். சியாட்டில் சவுண்டர்ஸ் அணியின் கோலி டோனி சுர்ஸ்கி பந்தைக் கையில் அள்ளிக்கொண்டார். எதிராளிகள் எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள் என்று அவருக்கு நினைப்பு. பந்தைத் தரையில் உருட்டிவிட்டு, நாலு எட்டு வைத்து உதைக்கலாம் என்று நிதானமாக நடந்தார். ஒருவன் மட்டும் போகவில்லை. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, பந்தைத் தட்டிப் பறித்து, காலியாகக் கிடந்த கோலுக்குள் உருட்டிவிட்டான். எங்கள் பக்கத்தில் இதற்கு 'லவட்டிட்டான்' என்று பெயர்.

லவட்டியவன் ஸ்டீவ் ஹன்ட். பர்மிங்காமில் பிறந்தவன், வயது 21. இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா கிளப்பில் இருந்தும் மைதானத்தில் இறங்க அதிகம் வாய்ப்பு கிடைக்காமல் உட்கார்ந்திருந்தவன். நியூயார்க் காஸ்மோஸ் கூப்பிட்டது, போனான். அதே அணியில்தான் பெலே தன் கடைசி சீசனை ஆடிக்கொண்டிருந்தார். போர்ட்லேண்டில் அன்று நடந்தது அமெரிக்க லீக்கின் இறுதிப் போட்டி. காஸ்மோஸ் 2-1 என்று ஜெயித்தது. இரண்டாவது கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் இத்தாலிக்காரர் சினாக்லியா, பந்தைத் தூக்கிக் கொடுத்தது ஹன்ட்.

ராயபுரத்தையும் எண்ணூரையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தவன் எதற்குப் போர்ட்லேண்ட் போனான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு பையன் ஃபுட்பால் ஆடுகிறான் என்று தெரிந்தால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'எந்த டீம்?' விங்கில் ஆடுகிறானா, பேக்கில் ஆடுகிறானா என்பதெல்லாம் பிறகுதான். அந்தக் கேள்வியின் உண்மையான பொருள், எந்த ஆபீஸ் என்பது. ஹார்பரா, ரயில்வேயா, ஐ.சி.எஃப்.பா, கஸ்டம்ஸா, இந்தியன் வங்கியா? சென்னை லீக்கின் பெரிய பெயர்கள் பலவும் வேலை கொடுத்த இடங்களின் பெயர்கள்தான். காலையில் ஆபீஸில் கையெழுத்து, சாயங்காலம் பிராக்டிஸ், மாதம் பிறந்தால் சம்பளம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போஸ்டிங் கிடைத்துவிட்டால் தெருவே ஸ்வீட் சாப்பிடும்.

இந்தக் கரை அப்படிப்பட்டது. 1948இல் எண்ணூரில் கார் தொழிற்சாலையாகத் தொடங்கி அசோக் லேலண்ட் ஆனது, 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பிறகு மணலி ரிஃபைனரி என்று சங்குச் சத்தத்தில் எழுந்து சங்குச் சத்தத்தில் தூங்கிய ஊர்கள் இவை. ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பன்கள், பிள்ளைகளும் நிரந்தர வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டதில் தப்பில்லை. காலை நம்பிப் பிழைக்க முடியும் என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. முழங்கால் போனால் பந்து போகும், பி.எஃப். போகாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கை நான் ஒருநாளும் கேலி செய்யமாட்டேன்.

பந்தையே பிழைப்பாக நினைத்தவன் கிழக்குக் கடற்கரை ஓரமாக வடக்கே ரயிலேற வேண்டியிருந்தது. கல்கத்தாதான் தென்னிந்தியக் காலாட்டக்காரனுக்கு அமெரிக்கா. ஹைதராபாத்தில் பிறந்த கோலி பீட்டர் தங்கராஜ், மதராஸ் ரெஜிமென்ட் அணியில் பெயரெடுத்தார். முதலில் அவர் ஆடியது ஃபார்வர்டாக என்பது பலருக்குத் தெரியாது. பிறகு அவர் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற மூன்று பெரிய கிளப்புகளுக்கும் நின்றார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார்.

ஸ்டீவ் ஹன்ட்டின் காஸ்மோஸும் அதே கல்கத்தாவுக்கு வந்தது. போர்ட்லேண்ட் வெற்றிக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1977 செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டனில் மோகன் பகானோடு ஆடி 2-2 என்று சமன் செய்துவிட்டுப் போனது. மோகன் பகானின் கோல்களில் ஒன்றைப் போட்டவர் முகமது ஹபீப். ஹைதராபாத்திலிருந்து கல்கத்தாவுக்குப் பிழைக்கப் போன தெற்கத்திக்காரர். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1 அன்று, பெலே ஓய்வு பெற்றார்.

அந்த அமெரிக்க லீக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு கண்ணில் பார்வை போன கார்டன் பேங்க்ஸ், இங்கிலாந்துக்கு 1966 உலகக் கோப்பையை வாங்கிக்கொடுத்த கோலி, 1977இல் ஃபோர்ட் லாடர்டேலுக்குப் போய் ஒற்றைக் கண்ணோடு நின்று அந்த ஆண்டின் சிறந்த கோல்கீப்பர் விருதை வாங்கினார். அவருடைய கேப்டன் பாபி மூர் 1976இல் சான் அன்டோனியோ தண்டர் அணிக்கு ஆடினார். அடுத்த ஆண்டே அந்த அணி மூட்டைமுடிச்சோடு ஹவாய் தீவுக்குப் போய்விட்டது. அதற்கடுத்த ஆண்டு துல்சா நகரம். வாடகை வீடு மாறுவதுபோல் ஊர் மாறும் அணிகள். ஊருக்கு அணி என்பதுதான் நமக்குத் தெரிந்த வழக்கம். அங்கே முதலாளி போகும் ஊர்தான் அணியின் ஊர். 1984 சீசனோடு அந்த லீக்கே இழுத்து மூடப்பட்டது.

ஹன்ட் அதற்கு முன்பே சாமர்த்தியமாகத் திரும்பிவிட்டான். 1978இல் கவென்ட்ரி சிட்டிக்கு வந்து, 1984இல் இங்கிலாந்து தேசிய அணிக்காக 2 போட்டிகள் ஆடினான். ஆஸ்டன் வில்லாவில் இடம் கிடைக்காதவனுக்கு நியூயார்க் சுற்றுப்பாதையாக அமைந்தது.

சுற்றுப்பாதை நமக்கும் வந்தது, 2014இல். இந்தியன் சூப்பர் லீக், சுருக்கமாக ஐ.எஸ்.எல். என்று பெயர். எட்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி. கடைசி இடத்தில் வந்தாலும் அப்போது கீழே இறங்க வேண்டியிருக்கவில்லை. அச்சு அசல் அமெரிக்க ஏற்பாடு. ஆட்டக்காரர்களை எடுத்த முறையும் அப்படித்தான். ஏலம் கிடையாது. முறை வைத்து ஒவ்வொரு அணியும் பட்டியலிலிருந்து ஒரு பெயரைச் சொன்னது, சொன்ன பெயர் அவர்களுக்கு. பந்தியில் கடைசி வரிசைக்குக் கிடைப்பதுபோல், யார் கண்ணிலும் படாமல் மிஞ்சியவனும் உண்டு.

வியாசர்பாடிக்குக் 'குட்டி பிரேசில்' என்று பெயர் உண்டு. முல்லை நகர் மைதானத்தில் சாயங்காலம் நின்று பாருங்கள். புல் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். ஸ்டட்ஸ் போட்டவனும் வெறுங்காலும் ஒரே பந்துக்குப் பாய்கிறார்கள். இந்த வியாசர்பாடியிலிருந்து புறப்பட்டவர்கள்தான் தனபால் கணேஷும் நந்தகுமார் சேகரும்.

கணேஷுக்குச் சொந்த ஊரிலேயே வாய்த்தது. 2018இல் சென்னையின் எஃப்.சி. கோப்பை வென்றபோது அவர் அணியில் இருந்தார். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் நேரு ஸ்டேடியத்தில் ஒரு கோலும் போட்டார். அந்த அணியின் பயிற்சியாளர் ஜான் கிரிகரி என்ற ஆங்கிலேயர். ஹன்ட் ஆஸ்டன் வில்லாவை விட்டு நியூயார்க் போன அதே 1977இல்தான் கிரிகரி ஆஸ்டன் வில்லாவுக்கு ஆடவந்தார். ஒருவன் காலி செய்த வீட்டுக்கு இன்னொருவர் குடி வந்ததுபோல. நாற்பது வருஷம் கழித்து அவர் பெரியமேட்டில் நின்று வியாசர்பாடிப் பையனுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார்.

நந்தகுமாரின் பாதை வேறு. சென்னை சிட்டி அணியில் ஐ-லீக் ஆடியவரை, 2017 ஜூலையில் நடந்த ஐ.எஸ்.எல். பெயர் சொல்லும் பந்தியில் எடுத்துக்கொண்டது டெல்லி டைனமோஸ். இரண்டு வருஷம் கழித்து டெல்லி அணி மூட்டைமுடிச்சோடு புவனேஸ்வர் போய் ஒடிஷா எஃப்.சி. ஆனது. சான் அன்டோனியோ கதை! ஆட்டக்காரன் வீடு மாற்றவில்லை, அணியே அவனைத் தூக்கிக்கொண்டு மாறியது. அங்கே 2023 ஏப்ரலில் சூப்பர் கப் வென்ற அணியில் இருந்தார். அதே ஆண்டு ஜூனில் இந்திய அணியின் சட்டையும் போட்டார்.

பிறகு கல்கத்தா. பழைய பாதை. ஈஸ்ட் பெங்கால் அணி நாலரை ஆண்டுக்கு மேலாக மோகன் பகானை ஜெயிக்கவே முடியாமல் அவமானப்பட்டுக்கொண்டிருந்தது. 2023 ஆகஸ்ட் 12, டூராண்ட் கோப்பை, சால்ட் லேக் ஸ்டேடியம். 60ஆவது நிமிஷம் வலப்பக்க விங்கில் பந்து நந்தகுமாரிடம் வந்தது. எதிரே நின்றவரை ஒரு தோள் அசைவில் ஏமாற்றி உள்ளே வெட்டினார். இடக்காலால் வளைத்து அனுப்பினார். கோலி பாய்ந்தும் பலனில்லை. அந்த ஒரு கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. வியாசர்பாடித் தெருவின் வித்தைதான் அது. குறுகலான சந்தில் சுவருக்கும் ஆளுக்கும் நடுவே பந்தை இழுத்துப் பழகியவனுக்கு அவ்வளவு இடம் தாராளம்.

அடுத்த ஜனவரி 28. புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியத்தில் சூப்பர் கப் இறுதிப் போட்டி. எதிரணி, அவர் விட்டு வந்த ஒடிஷா. பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்காலுக்குச் சமன் கோல் போட்டவர் நந்தகுமார். கூடுதல் நேரத்தில் 3-2. ஈஸ்ட் பெங்காலுக்கு 12 ஆண்டுக்குப் பிறகு ஒரு தேசியக் கோப்பை.

ஆபீஸ் போஸ்டிங் இப்போது அரிதாகிவிட்டது. 'எந்த டீம்?' என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. அதற்கு டெல்லி, ஒடிஷா, ஈஸ்ட் பெங்கால் என்று பதில் சொன்ன முல்லை நகர்ப் பையன் அநேகமாக இவர் ஒருவர்தான். முல்லை நகர் மைதானத்திலிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியம் எவ்வளவு தூரம் என்று ஒருநாள் ஷேர் ஆட்டோவில் போய்ப் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.

(தொடரும்)