பர்மாவிலிருந்து எந்த ஊருக்கு?

1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை பர்மா அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கையில் இருந்த கொஞ்சநஞ்சப் பணமும் போயிற்று. அந்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் கணிசமானோர் தமிழர்கள். அரசு இவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'.

இந்தப் பெயர்தான் என்னை உறுத்துகிறது. திரும்பி வருகிறவருக்கு ஊரில் ஓர் இடம் காலியாக இருந்தால்தானே அது திரும்புதல்?

எங்கள் சிவகங்கைப் பக்கம் பல வீடுகளில் இந்தக் கதை உண்டு. மூத்தவர் பர்மாவில் சம்பாதித்துப் பணம் அனுப்புவார். இளையவர் ஊரில் நிலம் வாங்கி உழுவார், அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்வார். பத்திரம் இளையவர் பெயரில் இருக்கும். என் பாட்டியின் மூத்த அண்ணன் 17 வருடம் கழித்து, பர்மாவில் பிறந்த இரண்டு பிள்ளைகளோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் வந்து இறங்கியபோது, அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியும் கூடவே வந்து இறங்கியது. "பணம் வந்தவரைக்கும் எனக்கு இங்க இடம் இருந்துச்சு. ஆளு வந்ததும் இல்லாமப் போச்சு" என்பாராம். பாட்டியைக் கேட்டால், "ரெண்டு பேரு சொல்றதும் நியாயந்தான்யா, நான் யாரு பக்கம் பேச?" என்பாள்.

அதனால்தான் பர்மாத் தமிழர்களில் பலர் சொந்தக் கிராமத்தில் தங்கவில்லை. தங்களைப் போலவே வந்திறங்கியவர்களோடு சேர்ந்து வாழப் போனார்கள். பல ஊர்களில் பர்மா காலனிகள் உருவாயின. 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் அருகே பர்மா பஜார் வந்தது. தாயகம் திரும்பியோருக்கென ரெப்கோ வங்கி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இன்று நாம் வியாசர்பாடியிலும் பாரிமுனையிலும் ரசித்துச் சாப்பிடும் அத்தோ, ரங்கூன் தெருவை விட்டுவர மனமில்லாதவர்கள் கூடவே கொண்டுவந்த சாப்பாடு.

சிலருக்கு அதுவும் போதவில்லை. அவர்கள் வடகிழக்கே மணிப்பூர் வரை போய், தரைவழியாக மறுபடி பர்மாவுக்குள் நுழையப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் விடவில்லை. எல்லையில் இருக்கும் மோரே என்ற சிற்றூரிலேயே தங்கிவிட்டார்கள். வியாபாரம் செய்தார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள். கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பர்மா.

வீட்டுக்குப் போகணும் என்றுதான் அவர்களும் கிளம்பினார்கள். அரசுக் கணக்கிலோ அவர்கள் ஏற்கனவே வீடு திரும்பியவர்கள்.