வவுனியாவின் முதல் பாராளுமன்ற உறுப்பினரும் எங்கள் வகுப்புத் தோழியும்

1947இல் வவுனியா மக்கள் முதன்முதலாகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர் செல்லப்பா சுந்தரலிங்கம். பிறந்த ஊர் உரும்பிராய். ஒக்ஸ்போர்ட்டில் படித்து, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். சுயேச்சையாக வென்ற அவரை டி. எஸ். சேனநாயக்கா வர்த்தக அமைச்சராக்கினார்.

1948இல் அந்த அரசின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை இலட்சக்கணக்கில் நாடற்றவராக்கியது. அப்போது அவரும் அமைச்சரவையில்தான் இருந்தார், மறைப்பதற்கில்லை. ஆனால் அடுத்து வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் மசோதாவின் இரண்டாம் வாசிப்பில், டிசெம்பர் 10ஆம் திகதி, சபையை விட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்டார். விளக்கம் கொடுக்காமல் பதவியையே துறந்தார்.

1977 கலவரத்தின் பின் அந்த மக்களில் பலர் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களின் பிள்ளைகள் எங்களோடு ஒரே வாங்கில் இருந்தார்கள். ஒருத்தி, சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய நேரத்தில், அடையாள அட்டைக்காகத் தாயின் பத்திரங்களைத் தேடி மாதக்கணக்காய் அலைந்தாள். ஏன் என்று நாங்கள் கேட்கவேயில்லை. இன்று கிளினிக்கில், "பிறப்புப் பதிவு இல்லை டொக்டர்" என்று சொல்லும் அம்மாமாரைக் காணும்போதுதான் உறைக்கிறது.

சுந்தரலிங்கத்தை 1960 மார்ச்சில் வவுனியா தோற்கடித்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைவதை முன்னின்று எதிர்த்தவரும் அவரே. வெளிநடப்பை எழுதிவிட்டு இதை விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்தத் தோழி இப்போது எந்த நாட்டில் இருந்தாலும் இந்த மலர் அவள் கைக்குப் போய்ச் சேரவேண்டும். விலாசம் தெரிந்தவர்கள் சங்கத்துக்கு அறியத்தாருங்கள்.