நூறு கிருமியும் ஒரு கினிப்பன்றியும்

மூட்டுமாற்றுச் சத்திரசிகிச்சை என்றால், பழசைக் கழற்றிப் புதுசு போட்டால் சரி என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். ஆனால் அந்தப் புது மூட்டில் கிருமி தொற்றினால் என்ன நடக்கும்? கனகாலம் மருந்து எடுத்தும் போகாமல், கடைசியில் போட்ட மூட்டையே கழற்ற வேண்டி வரலாம். ஏன் இவ்வளவு பிடிவாதம்? இதற்கு விடை தேடிய கதை கொஞ்சம் சங்கடமானது.

1957இல் பிரித்தானியாவில் எலெக், கோனென் என்ற இருவர், தன்னார்வலர்களின் தோலுக்குள் ஸ்டஃபிலோகொக்கஸ் பக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் பிடிக்க பத்து இலட்சத்துக்கும் மேலான கிருமிகள் தேவைப்பட்டன. கூடவே ஒரு பட்டுத் தையல்நூலையும் வைத்தபோது, சில நூறு கிருமிகளே போதுமாக இருந்தன.

ஆனால் சிகிச்சையைப் படிப்படியாகச் சோதிக்க மனிதர்களில் தொற்றை உண்டாக்க முடியாது. 1982இல் வெர்னர் சிம்மர்லியும் அவருடைய சகாக்களும் கினிப்பன்றிகளின் தோலுக்கடியில் துளையிட்ட சிறு குழாய்களைப் பதித்தார்கள். வெறும் 100 கிருமி விட்டதும் 95 வீதமான குழாய்களில் தொற்று வந்தது. குழாய் இல்லாத இடத்திலோ 10 கோடி விட்டும் சீழ்க்கட்டி வரவில்லை!

அந்நியப் பொருளைச் சுற்றி நிற்கும் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்லும் பலத்தை இழந்துவிடுகின்றன என்பது இதன் தொடர்ச்சியாகத் தெரியவந்தது. கிருமிகளோ அந்தப் பொருளில் ஒட்டிப் படலம் கட்டி, பெருகாமல் சும்மா கிடக்கும். வேகமாகப் பெருகும் கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் பல இங்கே எடுபடாது.

காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், இன்னொரு மருந்தோடு சேர்ந்தபோது கினிப்பன்றிகளில் பலன் தந்தது. தனியாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். பிறகு இது மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு, 1998இல் முடிவு வெளியானது. புண்ணைச் சுத்தம் செய்து, பொருத்திய உலோகத்தைக் கழற்றாமலே மருந்து கொடுத்தார்கள். சிகிச்சையை முடித்தவர்களில் ரிஃபாம்பிசினும் சிப்ரோஃப்ளொக்சசினும் எடுத்த 12 பேருமே குணமானார்கள். சிப்ரோஃப்ளொக்சசின் மட்டும் எடுத்த 12 பேரில் குணமானது 7 பேர்.

குழாய் மூட்டு இல்லை, கினிப்பன்றி மனிதரும் இல்லை. அதனால் இந்த மாதிரிகளை அப்படியே நம்பவும் ஏலாது. ஆனாலும் அவை இல்லாமல் இந்தச் சிகிச்சை இந்த வழியால் வந்திருக்காது. 1957இல் கிருமியை ஏற்றவர்கள் சம்மதித்துத்தான் ஏற்றார்கள். கினிப்பன்றியிடம் யாரும் கேட்கவில்லை. குணமானவர்களின் கணக்கை எழுதும்போது இதையும் பக்கத்தில் எழுதி வைப்பதுதான் நேர்மை என்று நாங்கள் நினைக்கிறோம்.