வரலாறு இல்லாத அப்பாவும் ஒரு பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரும்

போன பொங்கலுக்கு மரக்காணம் போயிருந்தேன் மக்கா. ஆபீஸ்ல புடுங்கற ஆணியை எல்லாம் ஓரமா வச்சுட்டு நாலு நாள் நிம்மதியா இருக்கலாம்னு போனா, அப்பா ஒரு பேப்பரை நீட்டினார். டிவிஎஸ் எக்ஸெல் வாங்க லோன் கேட்டிருக்கார், கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். மார்க் இருக்க வேண்டிய இடத்துல நம்பரே இல்ல. 'என்ஹெச்'னு ரெண்டு எழுத்து. கடன் வரலாறு இல்லைன்னு அர்த்தம்.

அப்பாகிட்ட சொன்னேன். "வரலாறு இல்லையா? முப்பது வருசமா வாங்கிக் கட்டிக்கிட்டுதானடா இருக்கேன்?"னார்.

அதே நேரம் என் செல்லுல ஒரு மெசேஜ். என் கிரெடிட் கார்டு பாக்கியை அவங்க கார்டுக்கு மாத்திக்கிட்டா கொஞ்ச மாசத்துக்கு வட்டியே இல்லையாம். ரெண்டு தடவை தேதி தவறவிட்டு அபராதம் கட்டின ஆளு நான். எனக்கு வரலாறு இருக்கு. ஒரு ரூபா பாக்கி வைக்காத அப்பாவுக்கு இல்ல.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கல்லுல எழுதின கணக்கு

எங்க ஊர் சும்மா இல்ல. கிரேக்க மாலுமிக் கையேடான பெரிப்ளூஸ் சொல்ற 'சோபட்மா' துறைமுகம் மரக்காணம்தான்னு சொல்ற ஆராய்ச்சியாளர்கள் உண்டு. சங்கப் பாட்டுல வர்ற உமணர்கள் உப்பு மூட்டையை வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் நெல்லுக்கு மாத்தினாங்க. அந்தக் காலத்துலயே கைமாத்துக்கும் ஒரு அழகான சொல் இருந்திருக்கு: குறியெதிர்ப்பை. எந்த அளவுல வாங்கினோமோ அதே அளவுல திருப்பிக் குடுக்குறது. வட்டி கிடையாது.

வட்டி பெரிய அளவுல கணக்கோட வர்றதைச் சோழர் காலக் கோயில்கள்ல பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் கடனா வாங்கியிருக்காங்க. வட்டி, அதாவது 'பொலிசை', வருசத்துக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு. நம்ம கணக்குல 12.5 சதவீதம். யார் வாங்கினாங்க, எவ்வளவு, எப்படிக் கட்டணும்னு எல்லாம் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. ஆயிரம் வருசம் கழிச்சும் நாம படிக்கிறோம். இதைவிடப் பெரிய கிரெடிட் ஹிஸ்டரி உலகத்துல இருக்குமா தெரியல.

இன்னொண்ணு, விளக்குக்கு ஆடு குடுக்குற கணக்கு. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுன்னு இடையர்கிட்ட ஒப்படைப்பாங்க. அவர் தினம் உழக்கு நெய் அளக்கணும். அந்த ஆடுகளுக்குப் பேரு 'சாவா மூவாப் பேராடு'. நிஜ ஆடு செத்தாலும் கணக்குல ஆடு சாகாது, கிழடாகாது. நெய் மட்டும் போய்க்கிட்டே இருக்கணும். கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுற எல்லாருக்கும் இந்த ஆடுகளை நல்லாத் தெரியும்.

கும்பினியார் உப்பு

1805ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துல உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கிச்சு. உப்பு விளைவிச்சவங்க மொத்தத்தையும் சர்க்கார்கிட்ட ஒப்படைக்கணும். அதுக்குக் கரிசைக்கு இவ்வளவுன்னு குடிவாரம் குடுப்பாங்க. விக்கிற விலை சர்க்கார் வைக்கிறது. வங்காளத்துல இன்னும் மோசம். உப்புக் காய்ச்சுற மலங்கிகளுக்கு முன்பணம் குடுத்து, அந்த முன்பணத்தைச் சொல்லியே அவங்களை வேலைக்குக் கட்டி வச்சாங்க.

இந்தக் காலத்துலயும் கணக்கு எழுதப்பட்டது, ரொம்பப் பிரமாதமா. ஆனா அது உப்போட கணக்கு. உப்பு வாருன ஆளோட கணக்கு இல்ல.

அப்பவே ஒரு பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்

1890கள்ல ஃபிரெடெரிக் நிக்கல்சன்னு ஒரு ஐசிஎஸ் அதிகாரி. இந்த மாகாணத்து விவசாயிக்குக் குறைஞ்ச வட்டியில எப்படிக் கடன் குடுக்கலாம்னு ஐரோப்பா வரைக்கும் போய்ப் பார்த்து ரெண்டு பெரிய அறிக்கை எழுதினார் (1895, 1897). அவரை மயக்கினது ஜெர்மனியில ரைஃபைசன் ஆரம்பிச்ச கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள். தத்துவம் ரொம்ப எளிமை: ஒருத்தன் கடனைத் திருப்பிக் கட்டுவானா இல்லையான்னு வேற யாரையும்விடப் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியும். ஊரே ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன்.

அதோட விளைவு 1904ம் வருச கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். அதே வருசம் அன்னிக்குச் செங்கல்பட்டு மாவட்டத்துல இருந்த திரூர்ல ஒரு சங்கம் பதிவாச்சு. இந்தியாவோட ஆரம்பகாலச் சங்கங்கள்ல ஒண்ணு அது.

எனக்கு ஆச்சரியம் அடுத்து வந்ததுதான். 1929ல் சென்னையில மத்திய நில அடமான வங்கி ஆரம்பிச்சாங்க. 1934ல் அதுக்குன்னு தனிச் சட்டம். இந்த வங்கி கடன் குடுத்ததுல முக்கியமான நோக்கம் என்ன தெரியுமா? விதை வாங்க இல்ல, மாடு வாங்க இல்ல. லேவாதேவிக்காரர்கிட்ட அதிக வட்டிக்கு வாங்கின பழைய கடனை அடைக்க! நிலத்தை வச்சுக்கிட்டு, குறைஞ்ச வட்டியில, பல வருசத் தவணையில புதுக் கடன். என் செல்லுல வந்த மெசேஜுக்குப் பாட்டன் இதுதான்.

1938ல் ராஜாஜி மந்திரிசபை இன்னும் ஒரு படி மேல போச்சு. சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடனா? 1937 அக்டோபர் 1 வரைக்கும் ஏறின வட்டிப் பாக்கி மொத்தமும் தள்ளுபடி. அசலைப் போல ரெண்டு மடங்கு ஏற்கனவே கட்டியாச்சா? கடனே தீர்ந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கின கடனுக்கு 5 சதவீதம் தனிவட்டி. சட்டம் வந்த பிறகு வாங்குற கடனுக்கு 6.25 சதவீதம்.

படிக்கும்போது கைதட்டத் தோணுச்சு. ஆனா ரெண்டுலயும் ஒரே ஓட்டை. அடமான வங்கிக்கு நிலம் வேணும். 1938 சட்டத்துக்கும் நீங்க 'விவசாயி'யா இருக்கணும், நிலத்துல ஏதாவது ஒரு உரிமை வேணும். அடுத்தவன் பாத்தியில கூலிக்கு உப்பு வாருறவன் இதுல எங்க வருவான்?

முதலாளி நோட்டு

இங்க ஒரு கொசுவர்த்தி சுத்திக்கோங்க.

எங்க ஊர் உப்பளம், தமிழ்நாட்டுல தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்துச் சொல்லப்படுறது. தை, மாசியில பாத்தி கட்ட ஆரம்பிச்சா, ஐப்பசி மழை இறங்குற வரைக்கும் வேலை. அப்புறம் மூணு மாசம் பாத்தியெல்லாம் வெறும் தண்ணிக்காடு. வேலை இல்ல, ஆனா வயிறு இருக்கே. அப்பதான் முதலாளி வீட்டுக்குப் போறது. அடுத்த சீசன் கூலியில கழிச்சுக்கிறேன்னு முன்பணம். கோடு போட்ட நீளமான நோட்டு, அதுல அப்பா பேருக்கு ஒரு பக்கம்.

எனக்கு முதல் பட்டதாரி சலுகையில காலேஜ் டியூஷன் ஃபீஸ் போச்சு. ஹாஸ்டல் பீஸ் போகல. அது அந்த நோட்டுலதான் ஏறுச்சு. என் இன்ஜினியரிங் டிகிரி நாலு வருசம் அந்தப் பக்கத்துலதான் இருந்தது.

நான் சின்னப் பையனா இருந்தப்ப அப்பா ஒரு தடவை முதலாளி மாறினார். பழைய முதலாளிக்கு 6,000 ரூபா பாக்கி. புது முதலாளி அதைக் கட்டி முடிச்சு, இவர் நோட்டுல புதுப் பக்கம் எழுதிக்கிட்டார். அசல் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்தான். ஒரே வித்தியாசம், பாக்கியோட சேர்ந்து ஆளும் மாறணும். அடுத்த சீசன் அப்பா புது அளத்துக்குப் போனார். அம்மாவும் கூடவே போனாங்க. நோட்டுல அம்மா பேரே இல்ல, ஆனா கடன் கழிஞ்சது ரெண்டு பேர் கையாலயும்.

முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டி வைக்கிற கொத்தடிமை முறையை 1976ம் வருசச் சட்டம் ஒழிச்சது. எங்க அப்பா கொத்தடிமை இல்ல, அதையும் நேர்மையாச் சொல்லிடறேன். அந்த முதலாளி மோசமான ஆளும் இல்ல. ஆனா வேற வேலைக்குப் போகணும்னு அப்பாவுக்கு எப்பவாவது தோணியிருந்தா, முதல்ல நோட்டைத் திறந்து பார்த்துட்டுத்தான் யோசிச்சிருக்கணும்.

அட்டையும் மார்க்கும்

இந்திய வங்கிகள்ல கிரெடிட் கார்டு 1980ல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா விட்ட 'சென்ட்ரல் கார்டு'ல ஆரம்பிக்குது. பெருசாப் பரவினது 1990கள்ல, வெளிநாட்டு வங்கிகளும் எஸ்பிஐ கார்டும் (1998) வந்தப்ப. ஆனா யாரை நம்பிக் குடுக்குறது? அமெரிக்காவுல 1958ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா ஃபிரெஸ்னோங்கிற ஊர்ல, யாரும் கேட்காமலேயே 60,000 பேருக்குத் தபால்ல கார்டை அனுப்பி வச்சு, வாராக்கடன்ல கையைச் சுட்டுக்கிச்சு. அந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் மார்க் போடுற முறைக்கு மவுசு கூடுச்சு.

இங்க 2000ல் சிபில் வந்தது. 2005ல் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம். இன்னிக்கு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்கையும் சேர்த்து நாலு நிறுவனம். 300ல இருந்து 900 வரைக்கும் மார்க். நிக்கல்சன் காலத்துப் பக்கத்து வீட்டுக்காரர் வேலையை இப்ப கம்ப்யூட்டர் பார்க்குது. ஆனா அதுக்கு வங்கிங்க அனுப்புற கணக்கு மட்டும்தான் தெரியும். மரக்காணத்து நீள நோட்டு தெரியாது.

வட்டிக்கு வருவோம். கார்டு வட்டி மாசம் 3.5 சதவீதம்னா வருசத்துக்கு 42. 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 30 சதவீதத்துக்கு மேல வாங்குறது நியாயமற்ற வணிகம்னு சொல்லுச்சு. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிடுச்சு. கோயில் 12.5, ராஜாஜி 6.25, இப்ப 42. வரலாறு எப்பவும் முன்னாடிதான் போகும்னு யார் சொன்னது?

நானே ஒரு தடவை 50,000 ரூபா பாக்கியில மாட்டினேன். மாசம் 2,500 கட்டுவேன். 1,750 வட்டிக்கு, அந்த வட்டி மேல ஜிஎஸ்டி 315. அசல்ல கழிஞ்சது வெறும் 435. சாவா மூவாப் பேராடு! அப்புறம் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் பண்ணித்தான் வெளிய வந்தேன். என் பாக்கி மாறுச்சு. நான் அதே சேர்ல உக்காந்து அதே பொட்டியைத் தட்டிக்கிட்டிருந்தேன். அப்பாவுக்குக் கிடைக்காத வசதி அது.

அவரவர் வரலாறுக்கு ஏத்த மாதிரி

பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சுருக்கமாச் சொல்றேன்.

நல்ல மார்க் இருக்கா? பரிசுப் புள்ளிகளைப் பார்த்து மயங்காம வருசக் கட்டணத்தையும் வட்டியையும் முதல்ல பாருங்க.

மார்க் அடி வாங்கியிருக்கா? நாலு இடத்துல விண்ணப்பம் போடாதீங்க, ஒவ்வொண்ணும் ரிப்போர்ட்ல பதிவாகும். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கிடைச்சா பிராசசிங் கட்டணத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்க. சலுகை மாசத்துக்குள்ள முடிக்க முடியுமான்னு பாருங்க. அந்தக் கார்டுல புதுசா எதுவும் வாங்காதீங்க, பெரும்பாலும் அதுக்கு முதல் நாள்ல இருந்தே வட்டி ஓடும். பழைய கார்டு காலியாச்சேன்னு மறுபடி தேய்ச்சா ரெண்டு பக்கமும் ஆடு மேய்க்கணும்.

வரலாறே இல்லையா? ஃபிக்சட் டெபாசிட்டை வச்சு அது மேல ஒரு கார்டு வாங்கலாம். நாலு நிறுவனமும் வருசத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட்டை இலவசமாத் தரணும், வாங்கிப் பாருங்க. முதல்முறை கடன் கேக்குறவரை வரலாறு இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் இருக்குன்னு 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துலயே சொல்லியிருக்காங்க. அப்பாவைத் திருப்பி அனுப்பினவங்க அதைப் படிச்சிருக்க மாட்டாங்க போல.

அப்பா பேர்ல 15,000 ரூபா டெபாசிட் போட்டு ஒரு கார்டு வாங்கிக் குடுத்தேன். மாசம் அறுநூறு எழுநூறுக்கு மளிகை வாங்குவார். கட்ட நாள் இருக்குப்பான்னு சொன்னாலும் கேக்காம மறுநாளே கட்டச் சொல்வார். பாக்கியோட படுத்தா தூக்கம் வராதாம். ஆடி மாசம் ரிப்போர்ட் எடுத்தேன். ரெண்டு எழுத்து போய் மூணு இலக்கம் வந்திருந்தது.

"அந்தப் பழைய நோட்டு எங்கப்பா இருக்கும்?"னு அன்னிக்குக் கேட்டேன். சிரிச்சார். "அது எப்படிடா இருக்கும்? கணக்கு முடிஞ்சா முதலாளி அந்தப் பக்கத்தைக் கிழிச்சு நம்ம கையில குடுத்துடுவாரு. நான் அடுப்புல போட்டுடுவேன். கடன் தீர்ந்துச்சுன்னு அதுதான் அடையாளம்."

முப்பது வருசம். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக் கட்டி முடிச்சு, முடிச்சதுக்கான சாட்சியைத் தன் கையாலயே எரிச்சிருக்கார். கட்டாதவன் பக்கம்தான் நோட்டுல தங்கும்.

இப்ப அம்மா கேக்குறாங்க, "எனக்கு எப்படா மார்க் போடுவாங்க?"ன்னு. அடுத்த டெபாசிட்டுக்குக் காசு சேர்த்துக்கிட்டிருக்கேன்.

டிஸ்கி: உங்க வீட்டுலயும் இந்த மாதிரி கிழிச்ச பக்கம் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. அங்கயாவது வரலாறா நிக்கட்டும்.