நிழலும் விகிதமும்

ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இரு நாட்கள் இமாமாக நின்று தொழுகை நேரங்களைக் கற்பித்த செய்தி, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. முதல் நாள் அஸ்ர், பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டிய வேளையில் நிறைவேற்றப்பட்டது. நண்பகல் நிழல் நீங்கலாக ஒரு மடங்கு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். இரு மடங்கு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கருத்து.

எந்தப் பொருளின் நிழல் என்று இங்கே வரையறுக்கப்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். முழக் குச்சியும் உயர்ந்த மினாராவும் ஒரே நேரத்தையே காட்டுகின்றன. காரணம், நிமிர்ந்து நிற்கும் பொருளும், சமதரையில் விழும் நிழலும், கதிரவனின் கதிரும் சேர்ந்து அமைக்கும் முக்கோணங்கள் அளவில் வேறுபட்டாலும் வடிவில் ஒத்தவை. ஒரு பக்கம் எத்தனை மடங்கோ, மற்றப் பக்கங்களும் அத்தனை மடங்கே. 4 முழக் கோலின் நிழல் 3 முழமாக இருக்கும் வேளையில் மினாராவின் நிழல் 45 முழமாயின், மடங்கு 15. எனவே மினாராவின் உயரம் 60 முழம். மேலே ஏறாமலே உயரம் கிடைத்துவிடுகிறது.

இவ்வுண்மையை யூக்ளிட் தம் நூலின் ஆறாம் பகுதியில் நிறுவினார். அந்நூலை ஹாரூன் ரஷீத் காலத்தில் ஹஜ்ஜாஜ் இப்னு மதர் அரபியாக்கினார். பின்னர் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் செய்த மொழிபெயர்ப்பை ஸாபித் இப்னு குர்ரா (மறைவு 901) திருத்தினார். நஸீருத்தீன் தூஸீ 1248இல் அதனைச் செப்பனிட்டு ‘தஹ்ரீர்’ ஆக்கினார். அல்பீரூனீ (பிறப்பு 973) நிழலைப் பற்றியே தனி நூல் இயற்றினார். தொழுகை நேரமும் உயரங்களை அளக்கும் கலையும் அதில் ஒருசேர ஆராயப்படுகின்றன.

அடிவாரத்தை அணுக முடியாத மலையை எவ்வாறு அளப்பது? உஸ்துர்லாப் கருவியின் பின்புறத்தில் ஒரு நிழற்சதுரம் உண்டு. அதன் பக்கம் 12 ‘விரல்’களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உச்சியை நோக்கியவாறு நிழல் அளவைக் குறித்துக்கொண்டு, அது ஒரு விரல் கூடும்வரை நேராகப் பின்னே நடக்க வேண்டும். நடந்த தொலைவு உயரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு. 50 முழம் நடந்திருந்தால், கண்மட்டத்துக்கு மேல் மலையின் உயரம் 600 முழம். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டையருகே, இதே அடிப்படையில் இரண்டு இடங்களிலிருந்து நோக்கி, ஒரு மலையின் உயரம் 652 முழத்துக்குச் சற்று மேல் என அல்பீரூனீ கண்டார். பூமியின் பரிமாணத்தைக் கணிக்க அவருக்கு அதுவே முதற்படியாயிற்று.

இக்கலை மதரஸாவுக்கு அந்நியமன்று. பஹாஉத்தீன் ஆமிலீயின் (1547–1621) ‘குலாஸதுல் ஹிஸாப்’ உயரம், ஆற்றின் அகலம், கிணற்றின் ஆழம் ஆகியவற்றை அளப்பதற்கென ஓர் இயலை ஒதுக்கியுள்ளது. முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) பெயரால் வழங்கும் தர்ஸே நிஜாமீயில் அந்நூலும் இடம்பெற்றது. ஆனால் யூக்ளிடின் நூலில் முதல் பகுதி மட்டுமே அதில் பாடமாயிற்று. வடிவொப்புமையைக் கூறும் ஆறாம் பகுதி பாடத்துக்கு வெளியே நின்றுவிட்டது. காலப்போக்கில் எஞ்சியதும் பல இடங்களில் கைவிடப்பட்டது.

விளைவு யாது? ‘ஒரு மடங்கு, இரு மடங்கு’ என்று நம் மாணவர்கள் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். முற்றத்தில் கோல் நட்டு அஸ்ரைக் காட்டுமாறு கேட்டால் சுவரிலுள்ள நேர அட்டவணையைப் பார்க்கின்றனர். அட்டவணை குற்றமன்று, அதுவும் இக்கணக்கின் பயனே. எனினும் சட்டத்தை ஓர் அறையிலும் கணக்கை வேறோர் அறையிலும் வைத்துப் பூட்டியவர்கள் நம் முன்னோர் அல்லர், நாமே. தமிழகத்தில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகல் நிழல் ஏறத்தாழ மறையும் நாட்கள் உண்டு. அத்தகைய ஒரு நாளில் ஃபிக்ஹ் பாடத்தை முற்றத்திலே நடத்திப் பார்ப்போம். ஒரு கோலும் ஒரு கயிறும் போதும்.